குறளருக்கு நாலு கட்டம்

6ஆம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள சிட்டுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணிக்குக் கடைவாய்ப் பல்வலி, எனக்கு உன்னால் தலைவலி.

ஒன்பது தடவை போன் அடித்தேன். ஒன்பதாவது தடவைக்கு அண்ணிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாய். போனில் நான் உன்னைப் பேச விடமாட்டேனாம், சொல்ல வேண்டியதை எழுதச் சொல்லு என்று அண்ணியிடம் சொன்னாயாம். சரி அம்மா, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் எழுதிய விடுப்புக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

வேலை வழக்கம்போல ஓடுகிறது. போன வாரம் ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோய், உள்ளே ஒரு புருஷன் பெண்டாட்டி மாட்டிக்கொண்டார்கள். அரக்கப் பரக்க ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், அந்த அம்மா என்னை முறைத்துவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் கழித்துத் திறந்திருக்கலாம், பேச வேண்டியது பாக்கி இருக்கிறது என்றார். அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

உன் மருந்துக்கடை முதலாளி வழியில் பார்த்து விசாரித்தார். கவுன்டருக்குப் பின்னால் நீ ஏறி நிற்பதற்கு நான் செய்து கொடுத்த மரப்பெட்டியை வேறு யாரோ மருந்து அட்டைகள் வைக்க எடுத்துக்கொண்டார்களாம். அவள் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கொஞ்சம் கறாராகவே சொல்லிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஏதோ படிவம் வரும், உடன் இருப்பவர் என்று நான் கையெழுத்துப் போட்டு 21ஆம் தேதி மாலைக்குள் சேர்த்தால்தான் 23ஆம் தேதி உனக்கு ஆபரேஷன் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தாய். அது இன்னும் வரவில்லை. தபால்காரரைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வராவிட்டால் என்ன செய்வது, விதி என்று விட்டுவிட வேண்டியதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படி.

நீ ஏன் திடீரென்று கிளம்பிப் போனாய் என்று என் சூப்பர்வைசர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் வந்த மனஸ்தாபம் என்றேன். சீட்டாட்டமா என்றார். அவருக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மேசையில் கட்டம் போட்ட தாளை விரிப்போம் சார், ஆளுக்கொரு பாத்திரம், நான் கதை சொல்லி நடத்துவேன், மற்றவர்கள் பகடை உருட்டுவார்கள் என்றேன். கணக்கு வாத்தியார் மந்திரம் தெரிந்த மனிதர். என் மனைவி வில் வைத்திருக்கும் மனிதப் பெண். பேக்கரிக்காரர் பாறையர் இனம், மலைபோல இருப்பார். என் தங்கை குறளர் இனம், பூட்டுத் திறப்பவள், பெயர் ஊசி. உடம்பின் அளவுக்குத் தக்கபடி ஒரு முறைக்கு இத்தனை கட்டம்தான் நகரலாம், பாறையருக்கு எட்டு, மனிதருக்கு ஆறு, குறளருக்கு நாலு என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சண்டையில் யாருக்கு என்ன ஆச்சு என்றார். ஒரு லிஃப்ட் பொத்தான் ஆற்றில் விழுந்துவிட்டது சார் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்கு எங்கே தெரியும், பழைய லிஃப்டுகளில் கழற்றிய பொத்தான்கள்தான் நம் காய்கள் என்று. காய் பிரித்த அன்றைக்கு நீ ஒன்றாம் எண் பொத்தானை எடுத்துக்கொண்டு, எந்த லிஃப்டிலும் எனக்கு எட்டுகிற ஒரே பொத்தான் இதுதான் என்றாய். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இப்போது நீயே நியாயம் சொல். குறளருக்கு நாலு கட்டம் என்று நானா விதி போட்டேன்? ஆட்டத்தோடு வந்த புத்தகம் போட்டது. அத்தனை பக்கங்களையும் நான் உட்கார்ந்து தமிழில் நோட்டில் எழுதி, 'உடல் அளவும் ஓட்டமும்' என்று அட்டவணை போட்டு, பிளாஸ்டிக் உறை ஒட்டி, லிஃப்டில் எடை வரம்பு ஒட்டுகிற மாதிரி சுவரில் ஒட்டினேன். எல்லாருக்கும் ஒரே விதி. அன்றைய கதையில் ஆற்றுப் பாலத்தின் நீளம் பதினெட்டுக் கட்டம், அகலம் இரண்டு. பின்னால் இடிந்துகொண்டே வருகிறது. மூன்று முறையில் மற்ற மூவரும் கரை ஏறிவிட்டார்கள். உனக்கு மூன்று முறைக்குப் பன்னிரண்டு கட்டம்தான். அப்போது ஆற்றுப் பூதம் எழுந்து உன் முன்னால் நீளவாட்டில் இரண்டு, குறுக்கே இரண்டு என்று பாலத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. அதுவும் புத்தகத்தில் இருப்பதுதான். நான் வேண்டுமென்றே அங்கே கொண்டுவந்து நிறுத்தவில்லை.

நீ பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாய். நான் சீக்கிரம் சீக்கிரம் என்றேன், உண்மைதான். ஆட்டம் என்றால் அவசரப்படுத்தத்தான் வேண்டும். நீ, "நாலு கட்டம்தானே அண்ணா? வழி இல்ல. சரி" என்றாய். பாலம் இடிந்தது, ஊசி போனாள். நீ பகடையைப் பெட்டியில் வைத்துவிட்டு, காலை நீளமாக்கும் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், வியாழக்கிழமை கிளம்புகிறேன் என்றாய். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஓர் ஆட்டத்தில் நாலு கட்டம் என்று சொன்னதற்காக யாராவது கால் எலும்பை அறுத்துக்கொள்வார்களா? நீயே யோசி. தங்கை என்று உனக்கு ஒரு கட்டம் கூட்டிக் கொடுத்திருந்தால் பேக்கரிக்காரர் சும்மா விட்டிருப்பாரா? வேண்டுமானால் உனக்குப் புதிதாகப் பாறையர் இனத்தில் ஒரு பாத்திரம் எழுதித் தருகிறேன். எட்டுக் கட்டம். திரும்பி வந்துவிடு.

பெட்டியைக் கட்டு. நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும்
அண்ணன்


15ஆம் தேதி, புதன்கிழமை

அன்புள்ள சிட்டு,

உன் அஞ்சலட்டை நேற்று வந்தது. மூன்றே வரி. அதை உன் அண்ணி முதலில் படித்துவிட்டு என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. பாலம் இடிந்தது போன மாதம். படிவம் உன்னிடம்தான் இருக்கிறது, பதிவுத் தபால் ஒப்புகை அட்டையில் அண்ணியின் கையெழுத்தை இங்கே அலுவலகத்தில் காட்டினார்கள்."

ஆமாம். என்னிடம்தான் இருக்கிறது. 3ஆம் தேதியே வந்துவிட்டது. பகடைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். உன் அண்ணிக்கு முதலில் தெரியாது. ஏதோ கம்பெனித் தபால் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டு வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டாள். நேற்றுத் தெரிந்தபிறகு என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. குழம்பை மட்டும் ஊற்றுகிறாள்.

பொய் சொன்னேன் என்பதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போடுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

அந்தப் படிவத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு காலிலும் எலும்பை வெட்டுவார்களாம். வெளியே வளையமும் கம்பியும் வைத்து முடுக்குவார்களாம். ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர், ஒரு நாளைக்கு நாலு திருப்பு. அப்படி ஏழு சென்டிமீட்டர் வரும்வரை. பிறகு எலும்பு கெட்டியாகும்வரை அந்தக் கம்பிக் கூண்டோடு மாதக் கணக்கில் இருக்க வேண்டும். சீழ் பிடிக்கலாம், நரம்பு இழுத்துக்கொள்ளலாம், மூட்டு மடங்காமல் போகலாம். மயக்கம் தெளிவதில் சிக்கல் வரலாம் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே கோடு. கோட்டுக்குக் கீழே என் பெயர், அவர்களே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மாவுக்கும் இப்படி ஒரு படிவம் இருந்தது. சின்ன ஆபரேஷன், சாயங்காலம் பேசிக்கொண்டிருப்பார்கள் என்றார்கள். அப்பா இல்லை, எனக்குப் பத்தொன்பது வயது, உனக்குப் பத்து. நீ பக்கத்து வீட்டில் இருந்தாய். நான் நின்றுகொண்டே, பக்கத்தில் இருந்தவரிடம் பேனா கடன் வாங்கி, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அம்மா தள்ளுவண்டியில் படுத்தபடியே, அவளுக்குத் தலை பின்னிவிட்டியா என்று கேட்டார்கள். ஆபரேஷன் அறைக் கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அம்மாவை நான் உயிரோடு பார்க்கவில்லை. பதினாறு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை, உன் அண்ணியிடம்கூட.

இதை எழுதும்போதே எனக்குக் கை வேர்க்கிறது. லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கும்போது வேர்க்காத கை.

நீ கிளம்பிய அன்று ஸ்டேஷனில் சொன்னாய், "பெரிசாகணும்னு இல்ல அண்ணா. எட்டணும்." நான்தான் எடுத்துத் தருகிறேனே, மேல் தட்டு என்ன, பரண் என்ன, எதை வேண்டுமானாலும் எடுத்துத் தருகிறேனே என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். இன்னமும் எனக்குப் புரியவில்லை, அதில் நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

உன் அண்ணி இன்று காலையில் மட்டும் வாயைத் திறந்தாள். "அவ சின்னவளாவே இருந்தா உங்களுக்கு நிம்மதி. தூக்கிவிட ஒரு ஆள் வேணும்ல உங்களுக்கு" என்றாள். பல்வலியில் பேசுகிறாள் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை.

தேதியைத் தள்ளிப்போடு. ஒரு வருஷம் போகட்டும். வேறு டாக்டரிடம் கேட்போம். இந்த இடம் போனால் மறுபடி இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பாய். காத்திரு. நானும் காத்திருக்கிறேன். உயிரோடு இருக்கிறவர்கள்தானே காத்திருக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருகிறார்கள். ஊசி இல்லாமல் எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நடத்தித்தான் பார்க்க வேண்டும்.

கண்டிப்பாகப் பதில் எழுது. திட்டியாவது எழுது.

அண்ணன்


21ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உன் வார்டு நர்ஸ் கையால் வருகிறது. நான் இதே கட்டடத்தில், கீழே வரவேற்புக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, மேலே ஏறி வரமாட்டேன். நீ கூப்பிடாமல் வரமாட்டேன்.

முதலில் முக்கியமானது. படிவத்தைக் கையெழுத்துப் போட்டுப் பத்தே முக்காலுக்கு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த அம்மா முத்திரை குத்தி, வரிசை எண் எழுதி, உன் கோப்பில் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். உன் இடம் உன்னுடையதுதான், யாருக்கும் போகாது. நீ என்னோடு பேசினாலும் பேசாவிட்டாலும் அதில் மாற்றம் இல்லை. ஊரிலிருந்து கிளம்பும்போது, இன்னின்னபடி ஒப்புக்கொண்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். அதை ரயிலிலேயே கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆறு நாளில் என்ன ஆனது என்று கேட்பாய். சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கணக்கு வாத்தியாரும் பேக்கரிக்காரரும் வந்தார்கள். மேசையில் பாலத்தை அப்படியே வைத்திருந்தோம், யாருக்கும் எடுக்க மனம் வரவில்லை. பேக்கரிக்காரர் பகடையைத் தொடவே இல்லை. வாத்தியார்தான், ஊசிக்கு ஒரு முடிவு எழுதி வைப்போம், அவள் குறிப்புத் தாளைக் கொடுங்கள் என்றார். எடுத்துக் கொடுத்தேன். எழுத இடம் தேடித் தாளைத் திருப்பினார். திருப்பியவர் பேனாவைக் கீழே வைத்தார். என்ன சார் என்றேன். தாளை என் பக்கம் தள்ளினார்.

பின்பக்கத்தில் உன் எழுத்தில் ஒரே ஒரு வரி. 'தன்னைவிட இரண்டு படி பெரிய உடல் நிற்கும் கட்டங்களுக்குள் சிறிய உடலுள்ளவர் நுழைந்து போகலாம், பக்கம் 41.'

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அப்படி ஒரு விதி இருந்தால் என் அட்டவணையில் இருந்திருக்குமே. அலமாரியிலிருந்து மூலப் புத்தகத்தை எடுத்தேன். பக்கம் 41, மேலிருந்து மூன்றாவது பத்தி. இருக்கிறது. நான் நோட்டில் எழுதும்போது குறளர் என்ற கட்டத்தில் இடம் போதவில்லை. நாலு கட்டம் என்பதை எழுதினேன், மற்றதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன். அதற்கு மேல் பிளாஸ்டிக் உறையும் ஒட்டிவிட்டேன். குறளரால் எதெல்லாம் முடியாதோ அதை எழுதி, எது முடியுமோ அதை விட்டிருக்கிறேன். மூன்று வருஷமாக அதுதான் சுவரில் இருக்கிறது.

பூதத்தின் கால்களுக்கு நடுவில் இரண்டு கட்டம். அதைத் தாண்டி ஒன்று. மூன்றே கட்டத்தில் நீ பூதத்தைத் தாண்டியிருப்பாய். உனக்கு நாலு இருந்தது.

உனக்கு இது தெரியும். தாளில் எழுதியது நீ. அப்படியிருந்தும் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்த்தாய். நான் அதைத் தவிப்பு என்று நினைத்தேன். இல்லை, நாங்கள் யாராவது சொல்கிறோமா என்று பார்த்திருக்கிறாய். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் ஞாபகம் இருந்துச்சு. வேற யாராவது சொல்லுவாங்கன்னு இருந்துட்டேன்" என்றார். பேக்கரிக்காரர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்து என் அட்டவணையைப் பிய்த்தார். சுண்ணாம்போடு வந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் புதுக் கட்டடம் நினைவுக்கு வந்தது. பத்து மாடி, நானே பூட்டிய லிஃப்ட். காட்டுகிறேன் வா என்று பெருமையாக உன்னை அழைத்துப் போனேன். பொத்தான் பலகையைக் கீழேயும் வைக்கலாம், நான் வழக்கமான உயரத்திலேயே பூட்டியிருந்தேன். நீ குடைக் காம்பால் எட்டாம் எண்ணை அழுத்தினாய். அழுத்திவிட்டுக் கேட்டாய், "ஒவ்வொரு தடவையும் நானேதான் சொல்லணுமா?" பஸ் படிக்கட்டில், வங்கிக் கவுன்டரில், கடையில், சொந்த அண்ணன் பூட்டிய லிஃப்டில். நான் அன்றைக்குச் சிரித்துவிட்டு, அடுத்த கட்டடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பாலத்தில் நீ வாயைத் திறக்காததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் நீ திருத்து. உன் மனதை நானே சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவும் வந்தது.

எல்லாரும் போனபிறகு உன் அண்ணியிடம் அம்மாவின் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் உன்னுடைய படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்து, "அம்மாவைக் கொன்னது உங்க கையெழுத்து இல்லீங்க. இதுல உங்க பேரை எழுதிக் குடுத்ததும் அவதான். கோவிச்சுக்கிட்டு இருக்கும்போதே உங்க பேரைத்தானே குடுத்திருக்கா" என்றாள். நான் குழந்தை மாதிரி அழுதேன். நீ பார்த்திருந்தால் கிண்டல் செய்திருப்பாய். இந்தத் தடவை ஒவ்வொரு வரியாகப் படித்து, என் சொந்தப் பேனாவில் கையெழுத்துப் போட்டேன். தபாலில் போட்டால் இன்றைக்குச் சேராது என்பதால் நேற்று மதிய ரயிலில் ஏறினேன்.

எனக்கு இந்த ஆபரேஷன் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. உனக்கு எட்டாதபடி கட்டியவர்களெல்லாம் சும்மா இருக்க, நீ ஏன் எலும்பை அறுத்துக்கொள்ள வேண்டும் என்று கோபமாக வருகிறது, அந்தக் கட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் கூடுதலாக வருகிறது. ஆனால் கால் உன்னுடையது. நீ இரண்டு வருஷம் யோசித்திருக்கிறாய், நான் இரண்டு வாரம் கத்தியிருக்கிறேன். வியாழக்கிழமை காலை வரை உனக்கு மனம் மாறினாலும் சரி, மாறாவிட்டாலும் சரி, இரண்டுக்கும் நான் இங்கேதான் இருப்பேன். பத்து மாடிக் கட்டடத்தில் பொத்தான் பலகையை இறக்குவதற்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் லீவு போட்டேன். சூப்பர்வைசர், இது யார் கேட்டது என்றார். யாரும் கேட்கவில்லை சார், கேட்க வைக்கக் கூடாது என்றேன்.

அலுவலகத்து அம்மா அந்த வளையத்தின் மாதிரி ஒன்றைக் காட்டினார். முடுக்குவதற்கு ஒரு சின்னச் சாவி. உடன் இருப்பவர்தான் பழகிக்கொள்ள வேண்டுமாம், காலை, பகல், மாலை, படுக்கும் முன் என்று நாலு தடவை. கால் மில்லிமீட்டர் எனக்குப் புதிதில்லை. லிஃப்ட் கூண்டையும் தரையையும் ஒன்றாக நிறுத்துவதற்குப் பதினாறு வருஷமாக மில்லிமீட்டரோடுதான் மல்லுக்கட்டுகிறேன். மாதிரியில் திருகிக் காட்டச் சொன்னார். திருகினேன், சரியாகக் கால் மில்லிமீட்டர். நீ சம்மதித்தால் அந்தச் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன். வேறு யாராவது வைத்துக்கொள்ளட்டும் என்றால் அதுவும் சரி. வலித்தால் நிறுத்தச் சொல், நிறுத்துவேன். அதை மட்டும் நீ சொல்லித்தான் ஆக வேண்டும்.

உறைக்குள் ஒன்றாம் எண் பொத்தானை வைத்திருக்கிறேன். கடிதத்துக்காக வந்த நர்ஸ் அதைத் தடவிப் பார்த்துவிட்டு இது என்ன என்றார், என் தங்கை என்றேன். பாலத்தை நாங்கள் கலைக்கவில்லை. பேக்கரிக்காரர் ரொட்டி மூடும் கண்ணாடி மூடியைக் கொண்டுவந்து மேலே கவிழ்த்து வைத்திருக்கிறார். பூதம் நின்ற இடத்தில் நிற்கிறது, பாலம் இன்னும் இடியவில்லை, அந்த முறையை நான் ரத்து செய்துவிட்டேன். மற்ற மூவரும் கரையில் இருந்து திரும்பிப் பாலத்துக்கு வந்து நிற்கிறார்கள். வாத்தியார்தான் முதலில் திரும்பினார். ஆறு கட்டம் இருக்கிறதே என்று ஆறும் ஓடத்தான் வேண்டுமா என்று அவரே சொன்னார்.

கீழே வாசல் கதவுக்கு இடப்பக்கம் மூன்றாவது நாற்காலியில் இருக்கிறேன். கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் வியாழக்கிழமை நீ கண் விழிக்கும்வரை இங்கேயே இருப்பேன். அம்மா அன்றைக்குக் கேட்டதை அன்று நான் செய்யவில்லை, உனக்குத் தலை பின்னிவிடவில்லை. வியாழக்கிழமை காலையில் வேண்டுமானால் பின்னிவிடுகிறேன். எனக்கு நன்றாக வராது, நர்ஸைத் திருத்திவிடச் சொல்லலாம்.

ஆட்டத்தில் யார் கதவுக்குள் போனாலும், திரும்பி வருகிறார்களா இல்லையா என்று சொல்கிற உரிமை எனக்கு இருந்தது. இங்கே இல்லை. அதனால் கேட்டுக்கொள்கிறேன் அம்மா, திரும்பி வா.

உன் முறை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

அண்ணன்